அவளுக்கு நான் வைக்காத வார்த்தை

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். மணலில் விரல் வைத்து எழுதிப் பழகிய மூன்று வருஷத்தோடு என் படிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்தது படகு தள்ளும் மூங்கில் கழியைத்தான். அதைப் பிடித்துத் தடித்துப்போன விரலுக்குள் எழுதுகிற இறகு நிற்கமாட்டேன் என்கிறது. சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். புள்ளி விட்டுப்போயிருக்கும். கண்ணுக்குப் புரியாவிட்டால் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், காதுக்குப் புரிந்துவிடும்.

நான் பழவேற்காட்டு ஏரியில் படகுக்காரன். கோட்டைத் துறையிலிருந்து தோணிரேவுக்கும் மற்றக் கரைகளுக்கும் ஆளையும் கூடையையும் ஏற்றிப் போவேன். கும்பினிக் கப்பல் வந்து கடலில் நின்றால், துணிச் சிப்பங்களை முகத்துவாரம் வரை கொண்டுபோய்க் கடல் படகுகளுக்கு மாற்றிவிடுவேன். கோட்டையின் மேல் ஒல்லாந்துக்காரர்களின் கொடி இப்போதும் பறக்கிறது. கப்பல்தான் முன்போல வருவதில்லை. நான் எழுதப்போவது கப்பல் நிறைய வந்துகொண்டிருந்த காலத்தைப் பற்றி. அப்போது எனக்கு மீசை முளைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவன் ஊருக்குள் மரைக்காயர் வீட்டுப் பிள்ளை. கும்பினிக் கிடங்கில் துணியை விரித்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம் என்று பிரிக்கிற வேலை அவனுக்கு. கிடங்குக்காரன் என்றே அவனை எழுதுகிறேன். இன்னொருவன் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவன். அலையைத் தாண்டிப் படகு செலுத்திக் கப்பலுக்குச் சிப்பம் கொண்டுபோகிறவன். அவன் கடல்காரன். கிடங்குக்காரன் கட்டிய சிப்பத்தை நான் ஏற்றுவேன், நான் ஏற்றியதைக் கடல்காரன் இறக்குவான். இப்படிக் கைமாற்றிக் கைமாற்றித்தான் நாங்கள் சேர்ந்தோம். ஏரி வற்றிக் கிடந்தால் படகு போகாது. தண்ணீர் ஏறும்வரை துறையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் பழைய படகு ஒன்றின் நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம்.

அங்கே பேசியது பெரும்பாலும் பெண்களைப் பற்றி. பேசினோம் என்று எழுதினால் அது முழு உண்மை ஆகாது. அவர்கள் இரண்டு பேரும் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குச் சிறுவயதிலிருந்தே அப்படித்தான். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும்.

அழகு என்ற சொல் அவர்களுக்குப் போதவில்லை. அதைச் சொன்னால் யாருடைய அண்ணன் காதிலாவது விழுந்து அடி வாங்கவேண்டும் என்ற பயமும் இருந்தது. அதனால் ஆளுக்கு ஒரு மூட்டை வார்த்தை வைத்திருந்தார்கள். கிடங்குக்காரன் ‘சோக்கு’ என்பான். அவன் வீட்டுக்கு வந்துபோகும் வடதேசத்து வியாபாரிகளிடம் கேட்டது அது. கடல்காரன் ‘சொகசு’ என்பான். வடக்கே தெலுங்குக் குப்பம் ஒன்றில் அவனுக்கு அத்தை வீடு இருந்தது. சோக்கும் சொகசும் ஒன்றுதானா, வேறு வேறா என்று ஒருநாள் தண்ணீர் ஏறும்வரை சண்டை போட்டார்கள். சோக்கு உடுத்துவதில் இருக்கிறது, சொகசு நடப்பதில் இருக்கிறது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். ஒருமுறை கிடங்குக்காரன் ‘மோய்’ என்று ஒரு வார்த்தையைக் கொண்டுவந்தான். நல்ல துணியை விரித்தால் ஒல்லாந்துக் கணக்கர் தாடையைத் தடவிக்கொண்டு அதைத்தான் சொல்வாராம். கடல்காரன் அதைச் சேர்க்கவே விடவில்லை.

“மாடு கத்துற மாதிரி கீதுடா. இத்தக் கேட்டு எந்தப் பொண்ணு திரும்பிப் பாப்பா? மாடுதான் திரும்பிப் பாக்கும்.”

எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. மீன் படும் இடங்களை ஊர்கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வோம். இன்றைக்கு இந்த இடம் ஒருவனுக்குப் பாடு என்றால், அங்கே இறால் துள்ளிக்கொண்டிருந்தாலும் வேறு எவனும் வலைக்குக் கழி ஊன்றமாட்டான். அந்தப் பக்கம் பார்க்கக்கூட மாட்டான். கடலில் இந்த வழக்கம் கிடையாது, முந்தினவனுக்கு மீன். அதனால் கடல்காரனுக்கு இது பெரிய வேடிக்கை. அவன்தான் இதை எங்கள் பேச்சுக்குள் கொண்டுவந்தான். ஒரு பெண்ணுக்கு யார் வைத்த வார்த்தை சரியாகப் பொருந்துகிறதோ, அவள் அவனுக்குப் பாடு. அவள் துறைக்கு வரும்போது மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொள்ளவேண்டும். எது பொருந்துகிறது என்று நான் சொல்லவேண்டும். நான்தான் வார்த்தையே வைக்காதவன் ஆயிற்றே, என்னைவிட நல்ல மத்தியஸ்தன் யார் என்றார்கள்.

எனக்கும் அது பிடித்திருந்தது. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் ஒருவன் பக்கம் விரலை நீட்டுவேன், அவ்வளவுதான். உப்பு விற்பவள் மகள் கிடங்குக்காரனுக்குப் பாடு ஆனாள். ஆரம்பாக்கத்திலிருந்து நெல் கொண்டுவருகிறவனின் தங்கை கடல்காரனுக்கு. அந்தப் பெண்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் வேறு யாரையோ கட்டிக்கொண்டு போனார்கள். விளையாட்டு அந்த அளவில்தான் இருந்தது, அவள் வரும்வரை.

அவள் தோணிரேவுக்காரி. எங்கள் சனம்தான். தாய் தகப்பன் இல்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். காலையில் இறால் கூடையோடு என் படகில் ஊருக்கு வருவாள், கருவாட்டுக்கு உப்பு வாங்கிக்கொண்டு என் படகிலேயே திரும்புவாள். நல்ல கறுப்பு. மேல் உதட்டில், குழந்தையில் நண்டு கவ்விய தழும்பு ஒன்று சின்னதாக இருந்தது. சிரிப்பு வந்தால் அந்தத் தழும்பு முதலில் சிரிக்கும்.

அவளுக்குக் கிடங்குக்காரன் வைத்த வார்த்தை ‘கெட்டிச் சாயம்’. எத்தனை முறை அலசினாலும் வெளுக்காத துணிக்குக் கிடங்கில் அப்படித்தான் சொல்வார்கள், அதற்கு மேல் தரம் கிடையாது. கடல்காரன் வைத்தது ‘மொதக் காத்து’. விடியலில் கட்டுமரத்தைத் தள்ளிவிட்டு, காற்று இல்லாமல் காத்திருக்கும்போது பாய் முதன்முதலில் லேசாக அசையும் அல்லவா, அந்தக் காற்று.

இரண்டும் நல்ல வார்த்தைகள். அவர்கள் அதுவரை அப்படி வைத்ததில்லை. அதனால் சண்டையும் பெரிதாக வந்தது.

“சாயம்னா மேல ஏத்துறது. இவ பொறந்ததே இப்படித்தான. துணியத் தவிர உனக்கு இன்னா தெரியும்?” என்றான் கடல்காரன்.

“காத்து கண்ணுக்குத் தெரியுமாடா? கண்ணுக்கே தெரியாத ஒண்ண வச்சி அழகைச் சொல்ல வந்துட்டான்” என்றான் கிடங்குக்காரன்.

“கண்ணுக்குத் தெரியாது. ஆனா வந்துச்சின்னா ஒடம்புக்குத் தெரியும்.”

பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் விரலை நீட்டவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். யார் பக்கம் நீட்டினாலும் அவள் வரும்போது நான் தலையைக் குனியவேண்டும். விளையாட்டுத்தான் என்று தெரியும். ஆனாலும் பாடு என்ற சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. நான் ஏரிக்காரன். என் நைனாவும் அவருடைய நைனாவும் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சாப்பிட்டவர்கள்.

இப்படி நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. கிடங்குக்காரன் ஒருநாள் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, மத்தியஸ்தனுக்கே ஒரு வார்த்தை இருந்தால் அவனும் வைக்கலாம், தடை இல்லை என்றான். நான் கயிற்றுக்கு முடிச்சுப் போடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

என்னிடம் வார்த்தை இல்லாமல் இல்லை. வார்த்தையாக இல்லை, அதுதான் தொந்தரவு. அவர்கள் வைப்பதெல்லாம் சிப்பம் மாதிரி கட்டி முடித்து, தூக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும்படி இருக்கும். என் மனதில் இருந்தது சிந்தாமல் எடுக்க முடியாத ஒன்று.

ஒருநாள் மத்தியானம் அவளும் அவள் ஊர்க் கிழவி ஒருத்தியும் மட்டும் படகில் இருந்தார்கள். கிழவி ஏறின உடனே முன்பக்கம் படுத்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தண்ணீர் வற்ற ஆரம்பித்திருந்தது. நேர் வழியில் போயிருந்தால் நேரத்தோடு சேர்ந்திருப்போம். நான் மேற்கே சுற்றிப் போனேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை, கை தானாகக் கழியை அந்தப் பக்கம் ஊன்றியது. மணல் திட்டு ஒன்றைத் தாண்டும்போது படகின் அடி சேற்றில் உட்கார்ந்தது. எவ்வளவு தள்ளியும் அசையவில்லை. இறங்கி நடக்கவும் முடியாது. அந்த இடத்தில் சேறு தொடைவரை உள்ளே வாங்கும், அதற்குள் சிப்பி ஓடு கத்திமாதிரி நிற்கும்.

“ஏரியில பொறந்தவன் வத்தத்துல இந்தப் பக்கம் வருவானா?” என்று அவள் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அந்தத் தழும்பு சிரித்தது.

தண்ணீர் ஏறினால்தான் போகலாம் என்றேன். ஏறட்டுமே என்று உப்புக் கூடையின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவள் சொன்னாள்: “படகக் கவுத்துப் போட்டு அது பின்னால குந்திப் பேசினா யாருக்கும் கேக்காதுன்னு நெனச்சிக்கினு கீறீங்க. நாங்க கூடை எறக்கி வைக்கிற எடம் அதுக்கு அந்தாண்டதான் கீது.”

எனக்குக் கழி கையிலிருந்து நழுவியது. அவள் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டு போனாள். எல்லாம் கேட்டிருக்கிறார்கள், ஆரம்பத்திலிருந்து. கேட்டது மட்டும் இல்லை, அந்தப் பக்கம் அவர்களும் எங்களுக்கு வார்த்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கிடங்குக்காரனுக்கு ‘மடிச்சு வச்ச வேட்டி’. அவன் உட்கார்ந்தால்கூடக் கசங்காமல் உட்காருவானாம். கடல்காரனுக்கு ‘ஈரக் கருவாடு’.

“தூரத்துல பாத்தா நல்லாத்தான் கீது. கிட்டப் போனா தாங்க முடியல, அவ்ளோ பேச்சு.”

நான் சிரித்துவிட்டேன். பெண்ணுக்கு முன்னால் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு என்ன வைத்தார்கள் என்று கேட்கத் துணிவில்லை. அவளே சொன்னாள்.

“உனக்கும் ஒண்ணு கீது. எல்லாரும் சேந்து வச்சதில்ல, நான் வச்சது. நீ எனக்கு இன்னா வச்சிருக்கன்னு சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்.”

“நான் ஒண்ணும் வைக்கலையே.”

“வைக்காமத்தான் மத்தியஸ்தம் சொல்லாம இழுத்துக்கினு கீறியா? தண்ணி ஏறட்டும். நேரம் கீது. யோசிச்சு சொல்லு.”

நேரம் நிறைய இருந்தது. அவள் வேறு பேச்சுப் பேசினாள். அண்ணி நல்லவள், ஆனால் உப்பை எண்ணி எண்ணிப் போடுவாள் என்றாள். மழைக்கு முன்னால் கூரை மாற்றவேண்டும் என்றாள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்த ஒருநாள் பேசியதுபோல் நான் யாரிடமும் பேசியதில்லை. கூரைக்கு எந்த ஊர்க் கீற்று நல்லது என்று அவ்வளவு நேரம் விளக்கினேன். ஒவ்வொரு பேச்சு முடிந்தபோதும் அவள் கொஞ்சம் சும்மா இருந்தாள். இடம் விட்டுக் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். அந்த இடத்தில் நான் அடுத்த கீற்றைப் பற்றி ஆரம்பித்தேன்.

ஏரி ஏறுகிறதா என்று பார்க்க அவள் படகின் ஓரத்தில் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு அந்த ஈரக் கையைப் பிடரியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, “ஏறுது” என்றாள். அவளுடைய குரலில் சந்தோஷம் இருந்ததா இல்லையா என்று இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படகு மெல்ல மிதந்தது. கிழவி எழுந்து, இன்னுமா ஊர் வரவில்லை என்று கேட்டாள். கிழவி நிஜமாகத் தூங்கினாளா என்பது எனக்குத் தெரியாது.

தோணிரேவுக் கரையில் உப்புக் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன். கையை எடுத்தபிறகும் அவள் நகராமல் நின்றாள்.

“அவ்ளோதானா?” என்று கேட்டாள்.

“பாத்துப் போ, கரை வழுக்கும்” என்றேன்.

அதற்குப் பிறகு வந்த மாதத்தில் கடல்காரன் துறைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். அன்றைக்கு அவனிடம் விளையாட்டு இல்லை. அவன் வீட்டில் பெண் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு அவளைத்தான் கேட்கவேண்டும் என்று இருந்தது.

“நீ மத்தியஸ்தம் சொல்லாத வரைக்கும் அவங்க அண்ணன்கிட்ட போவ மாட்டேன். சிரிப்பா கீதா உனக்கு? நெசமாத்தான் சொல்றேன்” என்றான்.

பக்கத்தில் இருந்த கிடங்குக்காரன் தன் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். “இப்போ ஒரு வார்த்தைதான் கீது. வேற யாருக்காவது இருந்தா இப்பவே வைக்கலாம்” என்று மெதுவாகச் சொன்னான். கடல்காரனும் என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. தெரிந்தே கேட்கிறான். நான் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவான், அப்படிப்பட்டவன்.

நான் விரலை நீட்டவில்லை. வாயால்தான் சொன்னேன். “மொதக் காத்துதான் சரி.”

பொய் சொன்னேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அது நல்ல வார்த்தை. அவளுக்குப் பொருந்தியது. இன்னொருவன் அவளை அவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறான் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கல்யாணம் ஆயிற்று. பெண் வீட்டுக்காரர்களைக் குப்பத்துக்கு நான்தான் படகில் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு அவள் துறைக்கு வந்த இரண்டு முறையும் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த மழைக்குள் கடல்காரன் சென்னப்பட்டினத்துக்குப் போய்விட்டான். அங்கே இங்கிலீஷ்காரர்களுக்குப் படகு தள்ள ஆள் வேண்டியிருந்தது. அவளையும் அழைத்துக்கொண்டு போனான்.

எனக்கும் கல்யாணம் நடந்தது. நல்லவள். அவளுக்கு வார்த்தை தேடும்படி நேரவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். போன கோடையில் காய்ச்சலில் போய்விட்டாள்.

இந்தத் தை முடியும் நேரத்தில் தோணிரேவில் ஒரு கல்யாணம். அண்ணன் மகளுக்கு. அதற்காக அவள் வந்திருந்தாள். திரும்பிப் போகிறபோது, முகத்துவாரத்தில் நின்ற சென்னப்பட்டினத்துத் தோணியில் ஏற என் படகில் வந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. உடம்பு கனத்திருந்தது. தழும்பு அப்படியே இருந்தது. என் மனைவியைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். அவள் வீட்டுக்காரனைப் பற்றி நான் கேட்டேன். கடல்காரனுக்குக் காது மந்தமாகிவிட்டதாம்.

“பேச்சு மட்டும் கொறையல” என்றாள். சிரித்தோம்.

நான் நேர் வழியிலேயே போனேன். தண்ணீரும் நிறைய இருந்தது. முகத்துவாரத்துக்குக் கிட்டே வந்தபோது அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “முன்னல்லாம் கரை இவ்ளோ சீக்கிரம் வராதே” என்றாள்.

என்னைக் கேட்டாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை. ஆமாம் என்றேன். தோணிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். மூட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு படகையும் சேர்த்திருந்த கயிறு என் கையில் இருந்தது. விடப்பா, விடு என்று அவர்கள் மறுபடியும் சொன்னபிறகுதான் விட்டேன்.

திரும்பி வந்து கிடங்குக்காரன் வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். அவன் இங்கேயேதான் இருக்கிறான். கிடங்கில் இப்போது தரம் பிரிக்கத் துணி அதிகம் இல்லை. அவன் உள்ளே போய்ச் சிப்பத்துக்குச் சுற்றும் முரட்டுக் காகிதத்தில் கொஞ்சம் கிழித்து, இறகும் மையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தான். “வாயாலதான உனக்கு வராது” என்றான்.

அதனால் இந்த ஒரு வாரமாக இங்கே எழுதுகிறேன். சேற்றில் படகு நின்ற அன்றைக்கு நீ தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு இருந்தாய். உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கரைக்குப் போகவேண்டும் என்றே தோன்றவில்லை. படகுக்காரனுக்கு அப்படித் தோன்றக்கூடாது. அவன் பிழைப்பே கரை சேர்ப்பதுதான். எனக்குத் தோன்றியது. இதை ஒரு வார்த்தையாக எப்படிச் சுருக்குவது என்று தெரியாமல் கீற்றைப் பற்றிப் பேசினேன். நீ எனக்கு வைத்தது என்னவென்று போன வாரமும் நான் கேட்கவில்லை. கேட்கிற முறை எனக்கு இல்லை, முதலில் நான் சொல்லவேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன்.

பார்த்திப வருஷம், மாசி மாதம் ஒன்பதாம் தேதி.